சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தையிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வயது வரை உள்ள பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், அவர்களைவிட அதிகமாகத் தாத்தா பாட்டிகள், திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வேண்டியதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். நேரமில்லாதவர்கள் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் பற்றிய கேள்வியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்றே இருக்கிற சிக்கல் அதில்தான் இருக்கிறது.

இன்னும் பேச்சே வரவில்லை, அதற்குள் புத்தகமா?

ஆமாம், இப்போதே. குழந்தைக்குக் கதை புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் குரல், மடியின் சூடு, ஒரு பொருளை இருவருமாகச் சேர்ந்து பார்ப்பது, இவ்வளவுதான் முதல் வருடத்துப் பாடம். குரல் விஷயத்தில் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தயாராகிவிடுகிறது. 1986இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் இருந்த பெண்களை ஒரே கதையைத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த பிறகு அந்தக் கதையையும் புதிய கதை ஒன்றையும் ஒலிக்கவிட்டபோது, பச்சைக் குழந்தைகள் பழைய கதையைக் கேட்பதற்காகத் தங்கள் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்று நம் பாட்டிகள் சொன்னது ஒன்றும் வெறும் பேச்சில்லை.

பிறந்த புதிதில் குழந்தையின் கண்ணுக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதனால் பெரிய படம், கறுப்பு வெள்ளை போன்ற பளிச்சென்ற வேறுபாடு இருக்கிற பக்கம் போதும். அதுவும் இல்லையா, கையில் இருக்கிற வாரப் பத்திரிகையைக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து நிமிடம் இரண்டு முறை என்றால்கூட நல்லதுதான். அரை மணி நேரம் கட்டாயம் என்று ஆரம்பித்து நான்காவது நாள் விட்டுவிடுவதைவிட, தூங்கப் போகும்முன் ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்வது நிலைக்கும். இரவில் முடியாத வீடுகளும் உண்டு. ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். அவர்கள் காலையில் தலை வாரும்போது, பால் குடிக்கும்போது, எப்போது வாய்க்கிறதோ அப்போது செய்யலாம்.

புத்தகத்தில் "சுட்டுக்கொண்டிருந்தாள்" என்று இருக்கிறது, வீட்டில் "சுட்டுக்கிட்டிருந்தா" என்கிறோம். எப்படி வாசிப்பது?

இதைத்தான் முதலில் சொன்னேன். நம் பிள்ளை வீட்டில் கேட்பது ஒரு தமிழ், பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் படுவது இன்னொரு தமிழ். வினைமுற்று வேறு, வேற்றுமை உருபு வேறு, பல சொற்களே வேறு. "வீட்ல" என்று வாழ்நாளெல்லாம் கேட்ட பிள்ளை, "வீட்டில்" என்பதை எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், இது என்ன புதுச் சொல் என்று விழிக்கும். எழுத்தெல்லாம் தெரிந்தும் படிப்பது புரியாமல் நிற்கிற பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு எழுத்து தடையாக இல்லை. அந்தத் தமிழ் அதற்குமுன் அவர்கள் காதில் விழவே இல்லை, அவ்வளவுதான். டிவி செய்தியில் விழுந்திருக்குமே என்பீர்கள், அதை எந்தப் பிள்ளை உட்கார்ந்து கேட்கிறது?

எனவே என் பதில் வயதைப் பொறுத்தது. இரண்டு, இரண்டரை வயது வரை புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். படத்தைக் காட்டி வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள், உங்கள் ஊர் வட்டார வழக்கிலேயே சொல்லுங்கள், நெல்லைக்காரர் நெல்லைத் தமிழில், கோவைக்காரர் கொங்குத் தமிழில். மூன்றை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க ஆரம்பியுங்கள். ஒரு வரி எழுத்துத் தமிழ், உடனே அதையே பேச்சுத் தமிழில்: "பாட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஆமா, பாட்டி வடை சுட்டுக்கிட்டிருந்தா." விளக்கவுரை எதுவும் வேண்டாம், இது செந்தமிழ் அது கொச்சை என்ற பாகுபாடு அறவே வேண்டாம். சில வாரத்தில் பிள்ளை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே "அப்போது சிங்கம் வந்தது" என்று தனக்குத்தானே பேசும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிடாதீர்கள், வெட்கப்பட்டு நிறுத்திவிடும்.

ஒரு இடத்தில் உட்காருவதே இல்லை. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் ஓடிவிடுகிறான்.

ஓடட்டும். நீங்கள் வாசித்துக்கொண்டே இருங்கள், காது இங்கேதான் இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதும், நடுவில் மூடிவிட்டு இன்னொன்றை எடுப்பதும் சாதாரணம். உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தால் மருந்து ஊட்டுகிற மாதிரி ஆகிவிடும், அடுத்த முறை புத்தகத்தைக் கண்டாலே ஓடும்.

கிழிக்கிறாள், கடிக்கிறாள்.

எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது அது. கெட்டி அட்டைப் புத்தகம், துணிப் புத்தகம் கொடுங்கள். கடையில் விலை அதிகம் என்றால் வீட்டிலேயே செய்யலாம். அலமாரியில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். நல்ல கெட்டி அட்டையாகப் பார்த்து ஒரே அளவில் ஆறேழு வெட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, தெருநாய், வீட்டு மிக்ஸி என்று குழந்தைக்குத் தெரிந்தவற்றின் போட்டோவை ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு நூல் கோர்க்கும்போது நூலை நீளமாகத் தொங்கவிடாதீர்கள், முனையையும் ஓரத்தையும் வழுவழுப்பாக வெட்டிவிடுங்கள், நூலோ டேப்போ பிரிந்து வந்தால் வாயில் போய்விடும் என்பதால் அடிக்கடி பாருங்கள். கடையில் வாங்கிய எந்தப் புத்தகத்தையும்விட இதைத்தான் முதலில் கேட்கும், தாத்தா அதில் இருக்கிறாரே.

அதே புத்தகம், அதே கதை, ஒரு மாதமாக. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

உங்களுக்குத்தான் பழசு. அவளுக்கு ஒவ்வொரு முறையும் வேறொன்று பிடிபடுகிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வந்தது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கும் வெவ்வேறு கதைகள் கேட்டவர்களுக்கும் புதுச் சொற்கள் காதில் விழுந்தது ஒரே எண்ணிக்கையில்தான். ஆனால் மனதில் நன்றாக நின்றது ஒரே கதையைக் கேட்டவர்களுக்கு. சலிப்புத் தட்டினால் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றி வாசித்துப் பாருங்கள். காகம் வடைக்குப் பதில் சமோசாவைத் தூக்கிக்கொண்டு போகட்டும். வருகிற கண்டனத்தைக் கேட்டால் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

வாசிக்கும்போது நடுவில் கேள்வி கேட்கலாமா, கதையின் ஓட்டம் கெட்டுவிடாதா?

கேட்கலாம், அளவாக. 1988இல் நியூயார்க் மாநிலத்தில் ஒய்ட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பதைக் குறைத்து, பிள்ளையைப் பேசவிடுவது, பதிலுக்கு ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்த வீட்டுப் பிள்ளைகளைவிடப் பேச்சில் முன்னே போனார்கள்.

நம் வடைக் கதையிலேயே செய்து பார்க்கலாம். "இது என்ன?" "காக்கா." "ஆமா, பசியோட இருக்கிற காக்கா. அது வாயில என்ன இருக்கு?" "வடை." "பாட்டி சுட்ட வடை. இப்ப நரி பாடச் சொல்லுதே, காக்கா பாடினா என்ன ஆகும்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வடை விழும் என்று ஒரு பிள்ளை சொல்லும், காலில் பிடித்துக்கொண்டு பாடும் என்று இன்னொன்று சொல்லும். இரண்டாவது பிள்ளையைத் திருத்தாதீர்கள், அது யோசிக்கிறது.

கெடுப்பது எதுவென்றால் பரீட்சை வைப்பது. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இங்கிலீஷ்ல சொல்லு." பக்கத்துக்கு நாலு கேள்வி இப்படிப் போட்டால் எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துவிடும். அதிலும் விருந்தாளி வந்திருக்கும்போது செய்வது இருக்கிறதே!

எங்கள் வீட்டுப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளை பகலெல்லாம் அவரிடம்தான்.

அப்படியானால் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. கதை சொல்லவும் விடுகதை போடவும் எழுத்து எதற்கு? உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையால் குழந்தையின் உள்ளங்கையில் கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம் அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல் விரலாக மடக்கிப் பங்கு வைத்து, கடைசியில் நண்டும் நரியும் கை வழியாக ஊர்ந்து அக்குளுக்கு வரும். பத்து முறை விளையாடிய குழந்தையைப் பாருங்கள், விரல் முழங்கையைத் தாண்டும்போதே தோளை ஒடுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறது. படிக்கும்போது நாம் வரிக்கு வரி செய்வதும் அதே வேலைதான்.

பாட்டியின் கையிலும் புத்தகம் இருக்கட்டும். சொற்களே இல்லாத படப் புத்தகங்கள் கிடைக்கின்றன, படத்தைப் பார்த்து அவர் சொல்வதுதான் கதை. எழுத்து உள்ள புத்தகத்தையும் அப்படிச் சொல்லலாம், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஒரே ஒரு வேண்டுகோள், பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள்.

அ, ஆ, இ, ஈ எப்போது ஆரம்பிப்பது? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலேயே எழுதுகிறான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை விடுங்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. அட்டவணையைச் சுவரில் மாட்டி வரிசையாக ஒப்பிக்கவைத்தால் நான்கு வயதில் முழுவதும் ஒப்பித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்றால் முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேரும். அது பாட்டு, படிப்பு இல்லை.

தமிழ் எழுத்து ஒழுங்கானது என்பது உண்மை, ஆனால் சின்னக் கண்ணுக்கு அதில் சில வம்புகள் உண்டு. "கெ"யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ "க்"குக்குப் பின்னால் வருகிறது. "கொ"வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. "காகம்" என்பதில் முதல் ககரம் ஒரு மாதிரி, இரண்டாவது ககரம் வேறு மாதிரி ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். ல, ள, ழ மூன்றையும் வீட்டில் ஒரே மாதிரி பேசுகிற ஊர்களும் இருக்கின்றன. இதையெல்லாம் விதியாகச் சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். "காகம்" என்ற சொல்லை நூறு முறை கதையில் கேட்ட பிள்ளைக்கு எந்த விதியும் தேவைப்படாது, காதுக்குத் தெரிந்ததைக் கண் சரியாகப் படித்துவிடும்.

அதனால் மூன்று நான்கு வயதில் எழுத்தைக் கண்ணில் காட்டுங்கள், பாடமாக நடத்தாதீர்கள். பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று பஸ் பலகை, டீக்கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட், தினசரிக் காலண்டர் என்று தேடுங்கள். கிழித்த காலண்டர் தாளில் அந்த எழுத்தை வட்டம் போடச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. சொற்களின் முதல் ஒலியை வைத்தும் விளையாடலாம், "ம"வில் ஆரம்பிக்கிற சாப்பாட்டுச் சாமான் சொல்லு, மாம்பழம், முறுக்கு, மோர் என்று. "ம"வும் "மு"வும் வேறு எழுத்தாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம், காதுக்கு இரண்டிலும் "ம்" கேட்கிறது, இந்த வயதுக்கு அது போதும்.

எழுதுவதற்கு அவசரமே இல்லை. விஜயதசமியன்று அரிசியில் "அ" எழுதவைப்பது அழகான சடங்கு, அதோடு மறுநாளிலிருந்து நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. விரல் இன்னும் பலப்படவில்லை. சுண்ணக்கட்டியால் தரையில் கிறுக்குவது, மாவு பிசைவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது, இவையே கைக்குப் பழக்கம்.

இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்க்கப் போகிறோம். தமிழில் வாசித்தால் பின்தங்கிவிடுவானா?

மாட்டான். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, கதைக்கு முன்பின் உண்டு, தெரியாத சொல்லைச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம், இதையெல்லாம் ஒரு மொழியில் பிடித்துக்கொண்ட பிள்ளை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கொண்டு போகும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையில் சண்டைக்கு இடமான விஷயங்கள் எத்தனையோ இருந்தாலும், சின்ன வகுப்புகளில் வீட்டு மொழியே பயிற்றுமொழியாக இருப்பது நல்லது என்று அது சொல்வதில் கல்வி ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உங்களுக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் தட்டித் தடுமாறி வாசிப்பதைவிட, சிரிக்கவும் கிண்டலடிக்கவும் தெரிந்த தமிழில் வாசிப்பது பிள்ளைக்கு அதிகச் சொற்களைத் தரும். இங்கிலீஷ் புத்தகமும் வாங்குங்கள், தப்பில்லை. படத்தைக் காட்டித் தமிழில் பேசுங்கள்.

யூடியூபில் கதை ஓடவிட்டால் ஆகாதா?

அதை நீங்கள் சமைத்து முடிக்கும்வரை பிள்ளையை உட்காரவைக்க ஓடவிடுகிறீர்கள், அது எல்லோருக்கும் தெரியும், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அது வாசித்துக் காட்டுவதற்கு மாற்று ஆகாது. பிள்ளை கேள்வி கேட்டால் வீடியோ நிற்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதன்படி இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதே அறிக்கை, பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் புத்தகம் வாசிப்பதையும் கதை சொல்வதையும் ஊக்கப்படுத்துகிறது. படமில்லாமல் கதையைக் கேட்க மட்டும் வைத்தால் கொஞ்சம் தேவலை.

புத்தகம் எங்கே கிடைக்கும்? படப் புத்தகம் எல்லாம் யானை விலை.

முதலில் நூலகம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற ஊர் நம்முடையது. 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம். கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பக்கத்தில் இருக்கும், சின்ன வைப்புத்தொகை கட்டி உறுப்பினராகலாம். குழந்தைகள் அலமாரி சில இடங்களில் பரிதாபமாகத்தான் இருக்கும், நூலகரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள், கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு, விடுமுறை நாளில் ஒரு பகல் போய்வரத் தகுந்த இடங்கள்.

வாங்குவதென்றால் நேஷனல் புக் டிரஸ்ட், சில்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் மலிவு. சென்னையிலேயே இயங்கும் தூலிகா தமிழிலும், தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற இருமொழிப் புத்தகங்களாகவும் போடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் கொட்டிக் கிடக்கும். காசே இல்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது, தமிழ்க் கதைகள் நிறைய, தரவிறக்கி அச்செடுத்தும் கொள்ளலாம். தமிழாக்கத்தின் தரம் ஒரே சீராக இருக்காது, பிள்ளைக்கு வாசிக்கும்முன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பக்கத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்கிறான், படிக்கவில்லை. இது ஏமாற்று வேலைதானே?

இல்லை, எல்லாப் பிள்ளைகளும் கடந்து வருகிற கட்டம். சரியான பக்கத்தில் சரியான வரியைச் சொல்கிறானா, விரலை இடமிருந்து வலமாக நகர்த்துகிறானா என்று மட்டும் பாருங்கள். நாளடைவில் விரலும் சொல்லும் ஒன்றாக வந்து சேரும்.

பேய், பூச்சாண்டி, கண்ணைக் குத்தும் கதையெல்லாம் சொல்லலாமா?

சாப்பிடவைக்கப் பூச்சாண்டி வேண்டாம். கதைக்குள் வரும் பயம் வேறு விஷயம், முடிவில் தப்பித்துவிடலாம் என்று தெரிந்தால் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்குவார்கள். பயத்தைவிட எனக்குப் பிடிக்காதது, ஒவ்வொரு கதை முடிவிலும் "இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்?" என்று நீதியைப் பிழிந்தெடுப்பது. கதையைச் சொன்னோமா, விட்டோமா என்று இருங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒன்றேகால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "பால் குடு" போல இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வந்த பேச்சு நின்றுபோய்விட்டது என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காதுப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்கிற குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, அங்கே கட்டணம் இல்லை. மற்றபடி, நான்கு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதை வைத்து டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதில் வருகிற குறைபாடு, என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இப்போது தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இனி வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடலாமா?

பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள், கூடாது. அவள் தானாகப் படிக்க முடிகிற வாக்கியம் மூன்று நான்கு சொல்தான், அவளால் கேட்டு ரசிக்க முடிகிற கதையோ அதைவிட எவ்வளவோ பெரியது. தானாகப் படிக்க எளிய புத்தகம் தனியாகக் கொடுங்கள். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் இருக்கின்றன, "நுழை"யிலிருந்து ஆரம்பிக்கலாம். தடுமாறினால் உடனே பாய்ந்து சொல்லிவிடாமல் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் இரவில் அவளால் தனியாகப் படிக்க முடியாத நீளக் கதை ஒன்றை எடுத்து, தினம் ஒரு அத்தியாயமாக நீங்கள் வாசியுங்கள், எட்டு வயது ஒன்பது வயது வரைக்கும், அவளாக "போதும்மா, நானே படிச்சுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டு போகும் வரைக்கும்.